சேதுச் சாலைச் சத்திரங்கள்

தஞ்சாவூரிலிருந்து இராமேசுவரத்துக்கு நடந்து போன யாத்திரிகர்களுக்காக, வழிநெடுக ஊர்ப்புறங்களில் மன்னர்களும் குறுநில மன்னர்களும் கட்டிவைத்த இலவசத் தங்குமிடங்கள் சேதுச் சாலைச் சத்திரங்கள் எனப்படும். காசியிலிருந்து கங்கை நீரைச் சுமந்து வந்து இராமநாதருக்கு அபிடேகம் செய்வதும், சேதுக்கரை மணலை எடுத்துக்கொண்டு காசிக்குத் திரும்புவதும் பழைய வழக்கம். மாதக்கணக்கில் நடந்து வந்த வடநாட்டுத் துறவிகளான கோசாயிகளும் பைராகிகளும் கடைசிக் கட்டத்தைக் கடந்தது இந்தச் சாலையில்தான்.

வழிப்போக்கர்களுக்கான இடங்கள் பலவகை. தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல், கோடையில் மோரும் நீரும் தரத் தண்ணீர்ப் பந்தல், கூரையை மட்டும் தரும் சாவடி, துறவிகளுக்கு மடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை இருந்தது. தங்க இடமும் உண்ணச் சோறும் சேர்த்துக் கொடுத்தது சத்திரம். அதற்கு அடுப்பு அணையாமல் எரிய வேண்டும், அடுப்புக்கு நெல் வேண்டும், நெல்லுக்கு நிலம் வேண்டும். எனவே சத்திரம் கட்டியவர்கள் கூடவே ஊர்களையும் மானியமாக எழுதி வைத்தார்கள். மதுரை இரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் நிற்கும் மங்கம்மாள் சத்திரம் இந்த வகையில் பலரும் அறிந்தது. ஆனால் வரிசையாக, ஒரே சாலையை நினைத்துக் கட்டப்பட்டவை தஞ்சை மராட்டியர் சத்திரங்களே.

தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு ஒருநாள் நடை. அங்கிருந்து பட்டுக்கோட்டை இன்னொரு நாள் நடை. அதன்பின் சாலை கடலோரமாகத் திரும்பி இராசாமடம், சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல், தொண்டி எனத் தெற்கே இறங்கும். தெற்கே சேதுபதிகளின் சீமை. சேதுவின் காவலர் என்பதையே பட்டமாகக் கொண்ட அவர்கள், தேவிபட்டினத்து நவபாடாணத்திலும் திருப்புல்லாணியிலும் நீராடிவிட்டுத் இராமேசுவரத் தீவை நோக்கிப் போகிறவர்களுக்காகத் தம் பங்குக்குச் சத்திரங்களும் மடங்களும் வைத்தனர்.

தஞ்சை மராட்டியர் சத்திரங்களில் பெரும்புகழ் பெற்றது ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி (ஆட்சி 1798–1832) தம் காதற்கிழத்தி முத்தாம்பாளின் நினைவாக 1802இல் இதை எழுப்பினார். அவள் சாகும் தறுவாயில் கேட்டுக்கொண்டபடி கட்டியது என்பது வழிவழிச் செய்தி. குதிரைகளும் யானைகளும் இழுக்கும் தேர்போல முகப்பை அமைத்திருக்கிறார்கள். ஊரே சிலகாலம் முத்தாம்பாள்புரம் என்று வழங்கியது.

சத்திரங்களுக்குள் என்ன நடந்தது என்பதை அறிய, சரபோசி 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டு பெஞ்சமின் டாரினுக்கு எழுதிய கடிதம் தலைமைச் சான்று. 1799 உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் நிர்வாகம் கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. சத்திரங்களுக்கு விட்ட ஊர்களும் அதோடு போய்விடாமல் காக்கவே மன்னர் பேனா எடுத்தார். ஆகவே அதில் பெருமிதம் கொஞ்சம் தூக்கலாக இருப்பதில் வியப்பில்லை.

பிராமணர் முதல் பறையர் வரை, எந்தத் தேசத்து யாத்திரிகர் வந்தாலும் சோறு உண்டு என்கிறது அக்கடிதம். எல்லாரும் ஒரே பந்தியில் உண்டார்கள் என்று இதைப் படித்துவிடக் கூடாது. சமைத்த சோற்றை ஏற்காதவர்களுக்கு அரிசியும் மளிகையும் தனியே அளந்து கொடுத்ததையும் அதே கடிதம் சொல்கிறது. ஆனாலும் பசியோடு வந்தவரைத் திருப்பி அனுப்பாததே சத்திரத்தின் முதல் விதி. சோறு வழங்குவது நள்ளிரவு வரை நீளும். அப்போது மணி அடிப்பார்கள். அதுவரை உண்ணாதவர் யாரேனும் இருந்தால் வந்து தமக்குரிய சோற்றை வாங்கிக்கொள்ள வேண்டும்.

நோயுற்றவர் குணமாகும் வரை தங்கலாம். மருந்தும் பத்தியமும் சத்திரத்தின் செலவு. வீக்கம் முதலிய நோய்களுக்கும் பாம்புக்கடி விடத்துக்கும் மருத்துவர் இருந்தனர். நான்கு வேதங்களுக்கும் தனித்தனி ஆசிரியரும் பள்ளி வாத்தியாரும் உண்டு. வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் அந்த வாத்தியாரின் பொறுப்பு: மூன்று வேளை உணவு, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல், உடை, வளர்ந்தபின் கல்யாணச் செலவு. கருவுற்ற பெண்களுக்கும் கைக்குழந்தைகளின் பாலுக்கும் ஏற்பாடு இருந்தது. இறந்து போனவர்க்கு அவரவர் சாதி முறைப்படி ஈமக்கடன் செய்தனர். ஓரிரவு படுத்தெழுந்து போகும் இடத்துக்கு இவ்வளவு ஆள் எதற்கு என்று தோன்றலாம். கால்நடையாக வருகிறவர் வழியிலேயே காய்ச்சலில் விழுவதும், பிள்ளை பெறுவதும், சாவதும் அன்றாடம் நடந்தவை.

இந்த விவரங்கள் எல்லாம் கொடுத்தவர் பக்கத்தில் எழுதப்பட்டவை. அரண்மனையின் மோடி எழுத்து ஆவணங்களிலும் சத்திரக் கணக்குகள் கிடக்கின்றன. அவையும் மணியக்காரர்களும் கணக்கர்களும் எழுதியவையே. திண்ணையில் துண்டை விரித்துப் படுத்த பைராகி என்ன நினைத்தார் என்பதற்கு அவற்றில் இடமில்லை.

1855இல் மன்னர் இரண்டாம் சிவாசி ஆண்வாரிசின்றி இறந்ததும் தஞ்சை அரசு முடிவுக்கு வந்தது. சத்திரங்கள் அரசாங்கத்தின் மேற்பார்வைக்குப் போயின. சாலையை வெறிச்சோட வைத்தது இரயில். 1902இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை தண்டவாளம் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் தீவுக்குப் படகும் தேவைப்படவில்லை. சத்திரக் கட்டடங்கள் பள்ளிகளாகவும் மாணவர் விடுதிகளாகவும் மாறின, சில இடிந்தன. எஞ்சிய சொத்துக்களைத் தஞ்சை மாவட்ட ஆட்சியரின் கீழுள்ள சத்திர நிர்வாகம் கவனிக்கிறது. சேதுபாவாசத்திரம் இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம்.