தொல்லுயிர்க் காலமும் அறை இசையும்

அறை இசை என்பது நடத்துநர் இல்லாமல், ஒரு பங்குக்கு ஒருவராகச் சில கலைஞர்கள் மட்டும் சேர்ந்து வாசிக்கும் மேலைச் செவ்விசை வகை. பாட்டு, வயலின், மிருதங்கத்தோடு நம் வீட்டுக் கூடங்களில் நடக்கும் கச்சேரியும் அளவில் இதற்கு உறவுதான். காட்டையும் பறவையையும் இசையாக்குபவர் நேரில் போய்க் கேட்டுவிடலாம். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் அப்படிக் கேட்டுப் பறவைக் குரல்களைச் சுரப்படுத்தியவர். அழிந்துபோன உயிர்களுக்கு அந்த வழி கிடையாது. எலும்பு கல்லாக மாறிக் கிடைக்கிறது, குரல் கிடைப்பதில்லை.

இந்தச் சிக்கலைக் கேலியால் கடந்தவர் கமில் சான்-சான்ஸ் (1835–1921). 1886இல் அவர் எழுதிய ‘விலங்குகளின் திருவிழா’வில் 14 பகுதிகள், பன்னிரண்டாவது ‘புதைபடிவங்கள்’. மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலோபோன் அதில் எலும்புகள் மோதும் ஓசையைத் தருகிறது. 1874இல் தாமே எழுதிய ‘மரண நடனம்’, பிரெஞ்சுக் குழந்தைப் பாடல்கள், ரொசீனியின் ஓப்பராப் பாட்டு ஆகியவற்றிலிருந்து மெட்டுத் துண்டுகளை எடுத்து அதில் கோத்திருக்கிறார். பழகித் தேய்ந்த மெட்டுகளும் புதைபடிவங்களே என்பதுதான் நகைச்சுவை. இதனால் தம் பெயர் கெடும் என்று அஞ்சியோ என்னவோ, ‘அன்னம்’ என்ற பகுதியைத் தவிர வேறெதையும் உயிரோடிருந்தவரை அவர் அச்சிட விடவில்லை.

அமெரிக்கரான ஜார்ஜ் கிரம்ப் (1929–2022) கேலி செய்யவில்லை. கூன்முதுகுத் திமிங்கிலங்களின் பாட்டை ஒலிப்பதிவில் கேட்ட அவர், 1971இல் ‘திமிங்கிலத்தின் குரல்’ படைப்பை எழுதினார். ஒலிபெருக்கி இணைத்த புல்லாங்குழல், செல்லோ, பியானோ என மூன்று முதன்மைக் கருவிகள். குழல்காரர் ஊதிக்கொண்டே பாடவும் வேண்டும். பியானோவின் கம்பிகளில் உளி, கண்ணாடித் தண்டு, காகிதக் கிளிப் எல்லாம் படுகின்றன. நடுவில் வரும் ஐந்து மாறுபாடுகளுக்கு ஆர்க்கியோசோயிக் முதல் சீனோசோயிக் வரை புவியியல் ஊழிகளின் பெயர்கள். மனித முகம் மறைந்து இயற்கை முன்னே நிற்கவேண்டும் என்பதற்காக மூவரும் கறுப்பு முகமூடி அணிகிறார்கள். அரங்கில் நீல ஒளி பரவலாம் என்றும் கிரம்ப் குறித்திருக்கிறார். கடைசிச் சுரக்கோவை திரும்பத் திரும்பத் தேய்ந்து, முடிவில் ஒலியே இல்லாமல் கையசைவாக மட்டும் வாசிக்கப்படுகிறது. இந்தத் துறையில் இதற்கு நிகராக வைக்க இன்னொன்றைத் தேடவேண்டும்.

கற்கால மனிதர் எழுப்பிய ஒலிக்கு வந்தால் நிலைமை வேறு. அதைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை, தட்டியே கேட்கலாம். கர்நாடகத்தின் பல்லாரி அருகே குப்கல் குன்றில், டோலரைட் பாறைகள் சிலவற்றில் சிறு குழிகள் தேய்ந்திருக்கின்றன. அங்கே கல்லால் அடித்தால் சேகண்டி போன்ற கணீர் ஒலி எழும்புகிறது. மாடுகளை மிகுதியாகக் காட்டும் பாறைச் செதுக்கல்களும் அதே குன்றில் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபாசெட் என்பவர் இக்குன்றைப் பற்றி எழுதினார். தொல்லியலாளர் நிக்கோல் பாய்வின் 2004இல் ‘ஆன்டிக்விட்டி’ ஆய்விதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

குப்கல் மக்களின் புதிய கற்காலப் பண்பாடு தெற்கே தமிழகம்வரை எட்டியது. பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், திருப்பத்தூர் பக்கம் உள்ள பையம்பள்ளியில், 1960களில் நடந்த அகழாய்வு அப்பண்பாட்டு மக்களின் குழி வீடுகளையும் மெருகேற்றிய கற்கோடரிகளையும் வெளிக்கொணர்ந்தது. குப்கல் பகுதியிலோ கல்குவாரிகள் குன்றை நெருங்கிவிட்டன. செதுக்கல்கள் சில ஏற்கெனவே அழிந்துவிட்டன.