தாழ்தலும் தாழ்த்தலும்: சேலம் நாட்டுக் கிறித்தவ வரலாற்றில் ஓர் ஆய்வு

கத்தோலிக்கர் தம் சிறுவர்க்குக் கற்பிக்கும் ஞானோபதேச நூல்களில் தலையான பாவங்கள் ஏழும், அவற்றிற்கு மாற்றாகிய புண்ணியங்கள் ஏழும் எண்ணப்பெறும். பாவங்களுள் முதலாவது ஆங்காரம். அதனை வெல்லும் முதற் புண்ணியம் தாழ்ச்சி. சீர்திருத்தச் சபையார் தம் விவிலிய மொழிபெயர்ப்பில் இதனைத் தாழ்மை, மனத்தாழ்மை என வழங்குவர். இச்சொல் குறிக்கும் பண்பினைச் சேலம் நாட்டு வரலாற்றோடு பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாழ்ச்சி பழஞ்சொல்லே, அறத்தின் பெயராக அது நிற்பதே புதிது. திருக்குறளில் வினைசெயல்வகை அதிகாரத்தின் முதற்குறளில் அது காலந்தாழ்த்தலைக் குறிக்கின்றது. குறைவு, இழிவு என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. அடக்கம், பணிவு என்னும் சொற்கள் இருக்க, இழிவையும் உணர்த்தும் இச்சொல்லைக் கிறித்தவர் ஏன் மேற்கொண்டனர்? விடை அவர்தம் கொள்கையிலேயே உளது எனலாம். இறைமகன் தம் உயர்நிலையைப் பற்றிக்கொள்ளாது, அடிமையின் வடிவெடுத்துச் சிலுவைச் சாவுவரை கீழ்ப்படிந்தார் என்பது பவுலடியார் பிலிப்பியர்க்கு உணர்த்திய கருத்து. அடக்கம் தன் நிலையில் நின்று தன்னைக் காத்தல். தாழ்ச்சியோ தன் நிலையினின்று இறங்குதல்.

அவ்வாறு இறங்க முயன்றோருள் ஒருவர் இராபர்ட் தெ நொபிலி. 1606 இல் மதுரைக்கு வந்த அவர், 1623 இல் சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் சென்றார். இத்தாலிய உயர்குடியிற் பிறந்தவராயினும் துறவியின் உடையும் மரக்கறி உணவும் மேற்கொண்டார். எனினும் உயர்சாதியாரை அடைதற்கு அவர் பூண்ட கோலமே, தாழ்த்தப்பட்டோரோடு வெளிப்படையாகக் கலந்து பழகத் தடையாயிற்று. உடலை ஒறுத்தவரையில் அவர் இறக்கம் முழுமையானது. சமுதாயத்தளவில் அது நடுவழியில் நின்றது. அக்குறையை நீக்கும் பொருட்டே 1640 இல் பல்தசார் த கோஸ்தா பண்டாரசுவாமி கோலம் பூண்டார். 1693 இல் ஓரியூரில் உயிர் நீத்த அருளானந்தரும் அக்கோலத்தினரே. ஆயினும் திருச்சபைக்குள்ளும் சாதிப் பிரிவினை நெடுங்காலம் நிலவியது.

ஈண்டு இலக்கணம் நமக்குத் துணை செய்கின்றது. தாழ்தல் தன்வினை, தாழ்த்தல் பிறவினை. குருமார் தாமே இறங்கியது தாழ்தல். சாதியின் பெயரால் மக்களைக் கீழே வைத்தது தாழ்த்தல். முன்னது அறம், பின்னது கொடுமை. கொடுமையைப் பொறுப்போரிடம் சென்று, இதுவே தாழ்ச்சி என்று போதித்தல் பிறவினையைத் தன்வினையாகக் காட்டும் பிழையாகும்.

சாதியளவில் மட்டுமன்றி, வேறு வகை இழப்புகளிலும் இப்பிழை நேரக்கூடும். அண்மைக்காலச் சான்று மேட்டூரில் உளது. 1925 இல் தொடங்கி 1934 இல் நிறைவுற்ற அணையின் நீர்ப்பரப்பில் பண்ணவாடியின் தேவாலயமும் சலகண்டேசுவரர் கோயிலும் மூழ்கின. நீர்மட்டம் மிகக் குறைந்த காலங்களில் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்களும் கோயில் நந்தியும் வெளித்தோன்றியதுண்டு. அணையால் காவிரிப் பாசனம் பெற்ற நன்மை பெரிது. எனினும் ஊரிழந்தோரின் இழப்பினை இறைவன் திருவுளத்திற்குப் பணிந்த தாழ்ச்சி என்று புகழ்தல் பொருந்தாது. அவர்களைப் பெயர்த்தது அரசின் திட்டமேயாகும். அனைத்தும் இழந்த பின்னரும் ஒருவர் இறைவனை நம்பித் தம்மை அவர்பால் ஒப்படைப்பாராயின், அதுவே தாழ்ச்சி. அது அவர் மனமுவந்து அளிக்கும் காணிக்கை. பிறர் அவரிடம் வேண்டிப் பெறும் வரியன்று.

எனவே, கிறித்தவத் தமிழில் தாழ்ச்சி என்னும் சொல்லை ஆராய்வோர், தாழ்ந்தவர் யார் என்பதனோடு தாழ்த்தியவர் யார் என்பதனையும் ஒருங்கு வினவுதல் வேண்டும். அவ்வினாவை விடுத்தால், இறைவனுக்குரிய பணிவு மனிதர் ஆதிக்கத்திற்குத் துணையாகிவிடும்.