ஐபிஎல் சம்பள உச்சவரம்பும் சென்னை அணியும்

விளையாட்டுக் கழகங்களுக்கிடையே உள்ள பண ஏற்றத்தாழ்வைக் குறைக்க உலகில் பல முறைகள் கையாளப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, எல்லா அணிகளுக்கும் ஒரே சம்பள உச்சவரம்பை விதிப்பதாகும். இந்தியாவில் இம்முறை 2008-இல் தொடங்கிய ஐபிஎல் துடுப்பாட்டத் தொடரின் வழியாகப் பரவலாக அறியப்பட்டது.

தொடக்கம்

2008 சனவரியில் எட்டு அணிகளின் உரிமைகள் விற்கப்பட்டன. மும்பை அணி 11.19 கோடி டாலருக்கும், செய்ப்பூர் அணி 6.7 கோடி டாலருக்கும் விலைபோயின. சேப்பாக்கம் மைதானத்தைத் தாயகமாகக் கொண்ட சென்னை அணியை இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 9.1 கோடி டாலருக்கு வாங்கியது. உரிமையாளர்களின் செல்வம் வேறுபட்டாலும், வீரர்களை வாங்க ஒவ்வோர் அணிக்கும் 50 இலட்சம் டாலரே உச்சவரம்பாக இருந்தது.

அவ்வாண்டு பிப்ரவரியில் நடந்த ஏலத்தில் சென்னை அணி மகேந்திரசிங் தோனியை 15 இலட்சம் டாலருக்கு எடுத்தது. ஒரே வீரருக்கு மொத்தத் தொகையில் பத்தில் மூன்று பங்கு செலவானதால், மற்ற இடங்களைச் சிக்கனமாக நிரப்ப வேண்டியிருந்தது. வரம்பின் நோக்கமும் இதுவே. முதல் தொடரின் இறுதிப் போட்டியில், மிகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்ட ராஜஸ்தான் அணி, சென்னையை மூன்று விக்கெட்டுகளால் வென்றது.

ஐரோப்பாவுடன் ஒப்பீடு

ஐரோப்பியக் கால்பந்தில் அனைவருக்கும் பொதுவான உச்சவரம்பு இல்லை. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியம் 2022-இல் ஏற்ற விதிகளின்படி, ஒரு கழகம் தன் வருவாயில் 70 விழுக்காடு வரை வீரர்களுக்கும் பயிற்சியாளருக்கும் செலவிடலாம். இவ்வரம்பு படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இது கழகங்கள் கடனில் மூழ்குவதைத் தடுக்கும். ஆனால் வருவாய் மிகுந்த கழகம் மிகுதியாகச் செலவிடும் நிலை தொடரும். செருமனியின் முதல்நிலைக் கூட்டிணைவில் பேயர்ன் மியூனிக் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை வாகை சூடியது. அங்கு கடைசி இடங்களில் முடிக்கும் கழகங்கள் கீழ்நிலைக்கு இறங்கவும் நேரிடும். ஐபிஎல்லில் தரமிறக்கம் இல்லை; ஒளிபரப்பு வருவாயின் ஒரு பகுதி அணிகளுக்குப் பகிரப்படுகிறது.

ஓட்டைகள்

உச்சவரம்பு முழுமையான வேலியாக அமையவில்லை. 2012 ஏலத்தில் ரவீந்திர ஜடேஜாவுக்குச் சென்னையும் ஐதராபாத்தும் தலா 20 இலட்சம் டாலர் கேட்டபோது, சமநிலையை முறிக்க இரகசிய ஏலம் நடந்தது. அதில் சென்னை வென்றது. இக்கூடுதல் தொகை இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சென்றது. அணியின் செலவுக் கணக்கில் சேரவில்லை. அதாவது வரம்பு ஒன்றாக இருந்தாலும், சமநிலை ஏற்பட்டால் பணம் படைத்தவரே வெல்ல முடிந்தது.

விளைவு

வீரர்களை ஏலத்தில் வாங்குவதற்கான உச்சவரம்பு பின்னர் உயர்ந்து, 2025 தொடருக்கு 120 கோடி ரூபாயானது. 2008 முதல் 2025 வரையிலான 18 தொடர்களில் சென்னையும் மும்பையும் தலா ஐந்து முறை வென்றன. தொடக்கம் முதல் ஆடிவரும் தில்லி, பஞ்சாப் அணிகள் ஒருமுறைகூட வெல்லவில்லை. ஆள் தேர்வு, நிலையான தலைமை, வீரர்களைத் தக்கவைத்தல் ஆகியவற்றை எந்த வரம்பும் சமமாக்காது. ஆகவே உச்சவரம்பு வெற்றியைப் பங்கிட்டுத் தருவதில்லை. வெற்றியை விலைக்கு வாங்குவதைக் கடினமாக்குகிறது.