திருப்பூரில் தொடக்கநிலை ஆங்கிலக் கற்பித்தல்

திருப்பூரின் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலத்தை முதன்முறையாகப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பொதுவான தாய்மொழி கிடையாது. கொங்குத் தமிழ் பேசும் பிள்ளைகளோடு, பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை நடப்பில் உள்ளது. 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. ஆகவே வீட்டில் ஒடியா பேசும் குழந்தைக்குப் பள்ளியில் தமிழும் புதிது, ஆங்கிலமும் புதிது. ஆங்கிலச் சொல்லுக்கு ஆசிரியர் தமிழில் பொருள் சொன்னாலும், அந்தக் குழந்தைக்கு அது இன்னொரு பாடம்தான். படம், பொருள், செய்கை ஆகியவற்றால் விளக்குவதே இத்தகைய வகுப்புக்கு முதல் தேவை.

இப்பிள்ளைகளின் வீட்டுமொழிகள் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை என்றாலும் வாக்கிய அமைப்பில் மிக நெருக்கமானவை. தமிழ், இந்தி, ஒடியா, வங்காளம் நான்கிலும் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வரும். இடம் காட்டும் உருபு பெயருக்குப் பின்னால் வரும். ஆங்கிலத்தில் இரண்டும் தலைகீழ். எனவே வாக்கியப் பயிற்சியை வகுப்பு முழுமைக்கும் ஒன்றாகவே நடத்தலாம். தடுமாற்றம் வேறுபடும் இடங்களும் உண்டு. அவன், அவள் என்று பேசிப் பழகிய தமிழ்க் குழந்தைக்கு ‘ஹீ’, ‘ஷீ’ எளிதில் பிடிபடும். இந்தி, ஒடியா, வங்காள மொழிகளில் அந்த இடத்தில் வரும் சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. எழுத்துக்கூட்டலில் நிலைமை மாறுகிறது. பஸ், பென்சில் இரண்டின் முதல் ஒலியையும் தமிழில் ‘ப’ வரிசையிலேயே எழுதுகிறோம். மற்ற மூன்றிலும் அவற்றுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. ஒருவர் தடுமாறும் இடத்தில் மற்றவர் தெளிவாக இருப்பதால், இப்பிள்ளைகளை மொழிவாரியாகப் பிரிக்காமல் இணையிணையாக உட்காரவைப்பதே நல்ல பலன் தரும்.

தொடக்கநிலை ஆங்கிலத்தை எப்படிக் கற்பிப்பது என்பதில் தமிழகத்துக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. 1950களின் இறுதியில் தொடங்கிய சென்னை மாநிலத் திட்டம், தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர்கள் சுமார் 27,000 பேருக்கு மறுபயிற்சி அளிக்க முயன்றது. சிலருக்குப் பயிற்சி தந்து, அவர்கள் வழியே பலரை எட்டுவது அதன் முறை. வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் பாடத்திட்டம் அது. வகுப்பில் பிழையின்றிச் சொன்ன வாக்கியம் வெளியே நாவில் வராத குறை அதில் இருந்தது. இதற்கு மாற்றாக என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய திட்டம், ‘பெங்களூர்த் திட்டம்’ என்ற பெயரில் உலகெங்கும் பேசப்பட்டது. இலக்கணத்தை முன்வைக்காமல் ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றைத் தந்து, கேள்விக்கு விடை காணும் வழியில் மொழியைப் பழக்கினார்.

திருப்பூருக்கு இந்த வழி அப்படியே பொருந்தும். ஓவர்லாக், செக்கிங், டேமேஜ், சைஸ், லேபிள், ஷிப்ட் எனப் பிள்ளைகள் பள்ளிக்கு வருமுன்பே ஆங்கிலச் சொற்களைக் கேட்டு வளர்கிறார்கள். துணியின் அளவையும் துவைக்கும் முறையையும் சொல்லும் சிறு லேபிள் ஒன்றே ஒரு நாள் பாடத்துக்குப் போதும். ஜார்க்கண்ட் பிள்ளைகள் ஊருக்குப் போகும் ஆலப்புழை–தன்பாத் எக்ஸ்பிரஸின் நேர அட்டவணை இன்னொரு பாடம்.

தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தமிழ், ஆங்கிலம், கணிதம் மூன்றிலும் பிள்ளைகளை வகுப்பால் அல்லாமல் நிலையால் பிரிக்கிறது: அரும்பு, மொட்டு, மலர். ஆண்டின் நடுவில் சேர்ந்து, பண்டிகைக்கு ஊர் போய்ச் சில வாரம் கழித்துத் திரும்பும் பிள்ளைக்கு இது பெரிய உதவி. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் இருப்பது அரிது. பெற்றோர் இருவரும் ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு சேர இரவாகிவிடும். வீட்டுப்பாடத்தை நம்பி ஆங்கிலம் நடத்துவது இப்பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி. கேட்பது, பேசுவது, படிப்பது அனைத்தும் பள்ளி நேரத்துக்குள்ளேயே நடந்தாக வேண்டும். இதைத் திட்டமிட, பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே அதன் வீட்டுமொழியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் பழக்கத்தை ஒவ்வொரு பள்ளியும் மேற்கொள்ள வேண்டும்.