அரைத்த மாவை அரைப்பவர்கள்

1996 பிப்ரவரி 10ஆம் தேதி கிராஞ்சி பெருவிரைவு ரயில் நிலையம் திறக்கப்பட்டது. சுவா சூ காங்கோடு நின்றுபோயிருந்த தடத்தையும் யீஷூனோடு முடிந்த தடத்தையும் இணைத்த உட்லண்ட்ஸ் நீட்டிப்பில் அது ஒரு நிறுத்தம். பதினேழு நாள் கழித்து, பிப்ரவரி 27 அன்று, ஜப்பானில் ‘போக்கிமான்’ விளையாட்டின் சிவப்பு, பச்சைப் பதிப்புகள் கேம் பாய் கருவிக்கென விற்பனைக்கு வந்தன. இரண்டு நிகழ்வுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் பின்னாளில் வடக்கு-தெற்குப் பாதையின் பெட்டிகளில் இரண்டும் சேர்ந்தே பயணம் செய்தன.

கிராஞ்சி என்றால் சிங்கப்பூரர்களுக்கு நீர்த்தேக்கமும் பண்ணைகளும் போர் நினைவிடத்தின் வெண்கல் வரிசைகளும் நினைவுக்கு வரும். தேசிய சேவை முடித்த ஆண்களுக்கு முகாமும் சேர்ந்து நினைவுக்கு வரும். ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்பி ‘புக் இன்’ செய்யப் போகிறவர்கள் பச்சைப் பையோடு இறங்கும் வடகோடி அது. லிட்டில் இந்தியா பக்கமிருந்து வருகிறவர்களுக்கு, வடகிழக்குப் பாதையும் டவுன்டவுன் பாதையும் வராத அந்தக் காலத்தில், குவீன் ஸ்திரீட்டில் புறப்படும் 170ஆம் எண் பேருந்துதான் நேர்வழி. புக்கிட் தீமா சாலையின் நீளம் முழுவதையும் அளந்துகொண்டு அது வடக்கே போகும். இப்படிப்பட்ட நீண்ட, நின்று நின்று போகிற பயணத்துக்கு எந்த விளையாட்டு பொருந்தும்? அவசரப்படுத்தாத விளையாட்டு. நீ முடிவெடுக்கும்வரை எதிரி காத்திருக்கும் விளையாட்டு.

முறை வைத்து ஆடும் ஜப்பானியப் பாத்திர விளையாட்டுகள் அந்த வகை. உன் முறை, எதிரியின் முறை, மறுபடி உன் முறை. சண்டையில் வென்றால் அனுபவப் புள்ளி கிடைக்கும்; புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும்; லெவல் ஏறினால் நேற்று உன்னை அடித்து வீழ்த்திய எதிரியை வெல்லலாம். இந்தப் புள்ளிகளுக்காக ஒரே காட்டில், ஒரே பூதங்களோடு, மணிக்கணக்கில் மோதுவதைத்தான் ‘கிரைண்டிங்’ என்கிறார்கள். ஆங்கிலச் சொல் அரைப்பதைச் சொல்கிறது. ஜப்பானியரோ ‘கெய்கெஞ்சி கசெகி’ என்கிறார்கள். ‘கசெகி’ என்றால் உழைத்துச் சம்பாதிப்பது. தமிழில் அரைத்த மாவையே அரைப்பது என்றால் வீண்வேலை. ஒரே செயலை ஒரு மொழி கூலியாகவும் இன்னொன்று சலிப்பாகவும் பார்க்கிறது. இந்த விளையாட்டுகளின் நாற்பதாண்டு வரலாறே இந்த இரண்டு பார்வைகளுக்கும் இடையிலான இழுபறிதான்.

தொடக்கம் அமெரிக்காவில். 1981இல் வந்த ‘விசார்ட்ரி’ இரக்கமற்ற விளையாட்டு. சுரங்கத்தில் செத்தவனின் உடலை இன்னொரு குழுவை அனுப்பித்தான் மீட்க வேண்டும். உயிர்ப்பிக்கும் முயற்சி தவறினால் உடல் சாம்பலாகிவிடும். அதையும் ‘அல்டிமா’வையும் விரும்பி ஆடியவர்களில் ஒருவர் யூஜி ஹோரி. ஜப்பானிய இதழ்களில் எழுதிக்கொண்டிருந்தவர் என்பதால் சாதாரண வாசகரைத் தெரிந்தவர். விசைப்பலகை இல்லாத, இரண்டே பொத்தான் கொண்ட ஃபேமிகாம் கருவியில் சிறுவர்கள் ஆடும்படி அந்த வகையை எப்படிச் சுருக்குவது என்பது அவர் முன்னிருந்த கேள்வி. கொயிச்சி நாக்கமுராவின் நிரல், அகிரா தொரியாமாவின் ஓவியம், கொயிச்சி சுகியாமாவின் இசை ஆகியவை சேர, 1986 மே 27 அன்று ‘டிராகன் குவெஸ்ட்’ வெளிவந்தது.

அதன் கணக்கை ஊன்றிப் பார்க்க வேண்டும். அரசன் தரும் பணம் 120 பொன். கடையில் செப்பு வாளின் விலை 180. ஆக, முதல் நிமிடத்திலேயே 60 பொன் துண்டு விழுகிறது. வெளியே போய் ஸ்லைம் என்ற நீலக் குமிழியை அடித்தால் கிடைப்பது ஒரே ஒரு அனுபவப் புள்ளி. இரண்டாம் லெவலுக்கு 7 புள்ளி வேண்டும். கோட்டையை விட்டு வெளியே வந்ததும் நீருக்கு அப்பால் தெரிவது கடைசி எதிரியின் அரண்மனை. ஆனால் அங்கே போவதற்கு உலகத்தையே சுற்றி வர வேண்டும். பாலம் ஒன்றைக் கடந்தால் எதிரிகள் திடீரென்று வலுவாகிவிடுவார்கள். எங்கே நிறுத்தித் திரும்ப வேண்டும் என்பதை அறிவிப்புப் பலகை வைத்துச் சொல்லவில்லை, அடித்தே சொல்லிக் கொடுத்தார்கள்.

செத்தால் என்ன ஆகும் என்பதில்தான் ஹோரியின் பெரிய முடிவு இருக்கிறது. கையிலிருக்கும் பொன்னில் பாதி போய்விடும். அனுபவப் புள்ளியில் ஒன்றுகூடக் குறையாது. தோற்றவன் அரசன் முன் நிற்பான், ஆனால் தோற்பதற்கு முன் கற்றதெல்லாம் அவனிடமே இருக்கும். விளையாட்டுக் கூடங்களில் காசு போட்டு ஆடும் விளையாட்டுகள் விரல் வேகமுள்ளவனுக்கு மட்டுமே பரிசு கொடுத்த காலத்தில், வேகமில்லாதவனும் பொறுமையிருந்தால் ஜெயிக்கலாம் என்ற வாக்குறுதி இது. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய கடினத்தைத் தாமே நிர்ணயித்துக்கொள்ளலாம். திறமைசாலி ஐந்து லெவல் குறைவாகப் போய் மோதட்டும். மற்றவர் இன்னும் அரை மணி நேரம் காட்டில் சுற்றட்டும். கிரைண்டிங்கை வெறும் நேரவிரயம் என்று ஒதுக்குபவர்கள் இந்த ஜனநாயகத்தைக் கவனிப்பதில்லை.

அதே சமயம் ஒரு கசப்பான காரணமும் இருந்தது. அந்த விளையாட்டு முழுவதும் அடங்கிய கார்ட்ரிட்ஜின் கொள்ளளவு 64 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது போதாது. கதைக்கு இடமில்லாதபோது நீளத்தைத் திரும்பச் செய்தல்தான் தர வேண்டும். சேமிக்கும் வசதியும் இல்லை. இருபது எழுத்துக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிவைத்தார்கள். ஓர் எழுத்தைத் தவறாகப் பிரதியெடுத்தால் அன்றைய உழைப்பு முழுவதும் காற்றோடு போகும்.

1987 டிசம்பரில் வந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி’ தோல்விக்குக் கடுமையான விலை வைத்தது. குழு அழிந்தால் கடைசியாகச் சேமித்த இடத்துக்கே திரும்ப வேண்டும். நடுவில் ஈட்டிய புள்ளி, பொருள் எல்லாம் போச்சு. அடுத்த ஆண்டின் ‘ஃபைனல் ஃபேண்டஸி 2’இல் லெவலையே தூக்கியெறிந்தார் அகிதோஷி கவாசு. வாளால் அடித்தால் வாள் திறன் வளரும், அடிவாங்கினால் உயிர்ப்புள்ளி வளரும். நேர்மையான யோசனை. ஆடியவர்களோ தம் குழுவினரையே தாங்களே வெட்டி உயிர்ப்புள்ளியை ஏற்றிக்கொண்டார்கள். அரைக்கச் சொல்லாவிட்டாலும் மனிதன் உரலைத் தேடிக் கண்டுபிடிப்பான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

போக்கிமான் இந்த மரபைச் சட்டைப்பைக்குள் வைத்தது. ஒரு காட்டுச் சண்டை ஓரிரு நிமிடம். மார்சிலிங்கிலிருந்து கிராஞ்சிவரை ரயில் ஓடும் நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவே. கதவு திறக்கும்போது சண்டையை அப்படியே நிறுத்தி இறங்கலாம், மேடையில் தொடரலாம். சிங்கப்பூர் இளையர் பேச்சில் இதற்கு ஹொக்கியன் சொற்கள் ஒட்டிக்கொண்டன. விடாமல் ஆடி முன்னேறுவது ‘சியோங்’. காலாட்படையில் குன்றின் மேல் பாய்ந்து ஏறுவதற்கும் ‘சியோங் சுவா’ என்றே பெயர். சலித்துப்போனால் ‘சியான்’. தமிழ்ப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் இந்த இரண்டு சொற்களையும் வேற்றுமை இல்லாமல் சொல்வார்கள்.

சலிப்பிலிருந்து தப்பும் வழியும் போக்கிமானில் இருந்தது, அதுவும் பிழையாக. சிவப்பு, நீலம் ஆங்கிலப் பதிப்புகளில் ஒரு தீவின் கடலோரமாக நீந்தினால் சிதைந்த உருவமொன்று தோன்றும். அதைச் சந்தித்தால் பையில் ஆறாவதாக இருக்கும் பொருள் நூற்றுக்கும் மேல் பெருகிவிடும். அந்த இடத்தில் ஒரு மிட்டாயை வைத்தால் போதும். ஒவ்வொரு மிட்டாயும் ஒரு லெவல். இணையம் எட்டாத பள்ளி வளாகங்களில்கூட இந்த ரகசியம் வாய்வழியாகவே பரவியது. வடிவமைத்தவர்கள் வைத்த கூலிக்கணக்கைச் சிறுவர்கள் மறுதலித்த முதல் பெரிய நிகழ்வு என்று இதைக் கொள்ளலாம்.

வடிவமைப்பாளர்களும் சும்மா இருக்கவில்லை. 1999இன் ‘ஃபைனல் ஃபேண்டஸி 8’இல் உன் லெவல் ஏற எதிரியின் லெவலும் ஏறியது. அரைப்பவன் தன் வழியிலேயே முள் போட்டுக்கொள்கிறான். கைதேர்ந்தவர்கள் எதிரிகளைச் சீட்டாக மாற்றி, அனுபவப் புள்ளி ஏறாமலேயே வலிமை சேர்த்தார்கள். அதைவிட ஆழமான விடை 2003இல் ‘ஷின் மெகாமி டென்செய் 3’இல் கிடைத்தது. எதிரியின் பலவீனத்தைக் கண்டு அடித்தால் கூடுதல் முறை கிடைக்கும்; அது தாங்கும் தாக்குதலைத் தவறிப் பயன்படுத்தினால் உள்ள முறையும் பறிபோகும். எதிரிக்கும் இதே விதி. மட்டடோர் என்ற எலும்புக்கூட்டு வீரனிடம் தோற்றவர்கள், லெவல் மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து மறுபடி தோற்றார்கள். எந்தப் பூதங்களைக் கூட்டுச் சேர்க்கிறாய், எந்தத் தாக்குதலைத் தாங்கும் தயாரிப்போடு வருகிறாய் என்பதே அங்கே கேள்வி. கடினம் காலத்திலிருந்து சிந்தனைக்கு இடம் மாறிய இடம் இது. முறை வைத்து ஆடும் விளையாட்டு தன் முழு உயரத்துக்கு எழுந்து நின்றது இங்கேதான்.

பின்னர் ‘பிரேவ்லி டிஃபால்ட்’ முடிவை ஆடுபவரிடமே விட்டது. வழியில் எதிரி வரும் விகிதத்தைச் சுழியத்துக்கும் இறக்கலாம், இரட்டிப்பாகவும் ஏற்றலாம். 2015இல் பிளேஸ்டேஷன் 4க்கு வந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’ மூன்று மடங்கு வேகத்தில் ஓடியது. மறுபக்கம், தமக்குத் தாமே தடை போட்டுக்கொண்டவர்களும் வந்தார்கள்: 2010இல் ஒரு இணையச் சித்திரக்கதையிலிருந்து பிறந்த ‘நஸ்லாக்’ விதிப்படி, மயங்கி விழுந்த போக்கிமானை மறுபடி எடுக்கக் கூடாது. ஹோரி நீக்கிய மரண பயத்தை ஆடுபவர்களே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இதே காலத்தில் கைப்பேசி ஒரு கேடும் செய்தது. ‘பஸில் அண்ட் டிராகன்ஸ்’ போன்ற இலவச விளையாட்டுகளில் ஆடும் ஆற்றல் தீர்ந்துவிடும். காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுத்து நிரப்ப வேண்டும். டிராகன் குவெஸ்டில் காசு இல்லாத சிறுவனுக்கும் செல்வந்தர் வீட்டுச் சிறுவனுக்கும் ஒரே ஸ்லைம், ஒரே ஒரு புள்ளி. இங்கே பொறுமைக்கு விலைச்சீட்டு ஒட்டப்பட்டது. கிராஞ்சி விடுதியில் மிகைநேர வேலை முடித்துப் படுக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளியின் கைப்பேசியிலும் அதே சீட்டுத்தான் ஒளிர்கிறது. நாளெல்லாம் உழைத்துச் சம்பாதித்தவரிடம் விளையாட்டிலும் கூலி கேட்பது நியாயமில்லை.

2016 ஆகஸ்ட் 6 அன்று ‘போக்கிமான் கோ’ சிங்கப்பூருக்கு வந்தபோது அரைப்பு கால்களுக்கு இறங்கியது. ஹவ்காங்கின் 401ஆம் புளோக்கின் அடியில் நள்ளிரவிலும் கூட்டம் நின்றது. 2019 ஏப்ரலில் சாங்கி ஜுவலில் போக்கிமான் சென்டர் கடை திறந்தது. அவ்வாண்டு நவம்பரில் வந்த ‘சுவார்ட்’, ‘ஷீல்ட்’ பதிப்புகளில் சண்டையில் இறங்காத போக்கிமான்களுக்கும் புள்ளி பகிரப்பட்டது. அதை அணைக்க வழியே இல்லை. பழைய ஆட்டக்காரர்கள் குறைபட்டுக்கொண்டார்கள்.

2024 நவம்பர் 14 அன்று ‘டிராகன் குவெஸ்ட் 3’ புதுப்பொலிவுடன் மீண்டும் வந்தது. 1988இல் ஒரே வடிவில் வந்த விளையாட்டுக்கு இப்போது மூன்று கடின நிலைகள். எளியதைத் தேர்ந்தால் உயிர்ப்புள்ளி ஒன்றுக்குக் கீழே இறங்காது, சாகவே முடியாது. கடினமானதில் எதிரிகள் வலுவாக இருப்பார்கள், கிடைக்கும் புள்ளியும் பொன்னும் குறையும். சண்டை வேகத்தைக் கூட்டலாம், குழுவினர் தாமாகவே அடிக்கும்படி விட்டுவிடலாம். பயணத்தின் நடுவிலும் நிலையை மாற்றிக்கொள்ளலாம்.

இன்று லிட்டில் இந்தியாவில் ஏறி நியூட்டனில் மாறினால் கிராஞ்சிக்கு அங்கிருந்து 14 நிறுத்தம். 2035க்குள் டவுன்டவுன் பாதை சுங்கை காடுட்வரை நீட்டிக்கப்படவுள்ளது; யூ டீக்கும் கிராஞ்சிக்கும் இடையில் அமையும் அந்த நிலையத்துக்கு லிட்டில் இந்தியாவிலிருந்து மாறாமலே போய்விடலாம். அந்தப் பயணத்தில் எத்தனை லெவல் ஏற்றலாம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் பிள்ளை யாராவது அந்தப் பெட்டியிலும் இருப்பார்.