கைக்கும் திரைக்கும் நடுவே

மாசிமகத்தை ஒட்டிக் கோயமுத்தூர்ப் பக்கத்துக் காரமடை அரங்கநாதர் ஆலயத்தில் தேரோட்டம் நடைபெறும் நாட்களில், தீப்பந்தங்களை ஏந்திப் பக்தர்கள் ஆடிவரும் பந்த சேவையைக் கண்டவர்கள், மின்சாரம் வருவதற்கு முன் இந்தப் பிரதேசத்து இரவுகளில் ஒளி எத்துணை அரிய பொருளாக இருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அந்த இரவுகளில், ஒரு வெண்துணியின்மீது மனிதர்களையும் குதிரைகளையும் ஒளியினாலேயே நடமாடச் செய்யும் இயந்திரத்தைக் கொங்கு நாட்டுக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்திய பெருமை, கோயமுத்தூரில் 1883-ஆம் ஆண்டில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவரையே சாரும்.

திருச்சிராப்பள்ளியில் ரயில்வே உத்தியோகத்தில் படவரைவாளராக இருந்த வின்சென்ட், 1905-ஆம் ஆண்டில், ஊர் ஊராகச் சலனப்படம் காட்டிவந்த ட்யூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் தேகநலம் குன்றித் தாயகம் திரும்ப விரும்பியபோது, அவரிடமிருந்த புரொஜெக்டரையும் படச்சுருள்களையும், அக்காலத்தில் ஒரு குடும்பத்தின் ஆயுட்கால ஆஸ்தி என்றே சொல்லத்தக்க தொகையைக் கொடுத்து விலைக்கு வாங்கி, நிலையான சம்பளத்தைத் துறந்து கூடாரத்தோடு புறப்பட்டார். தென்னாட்டில் தொடங்கிய அந்த யாத்திரை வடமேற்கே பெஷாவர் வரையிலும் சென்றது. பொழுதுபோக்குக்காக வாங்கும் ஒரு கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இன்று நாம் யோசிக்கிறோம். தம் ஜீவனத்தையே ஒரு கருவியின்மேல் வைத்தவரின் தைரியத்தை எண்ணும்போது என் மனம் பக்தியோடு வணங்குகிறது.

அந்தக் காலத்து இயந்திரத்தின் தன்மையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். மின்சாரம் எட்டாத ஊர்களில் படம் காட்டியவர்கள், ஆக்ஸிஜன் சேர்ந்த சுவாலையைச் சுண்ணாம்புக் கட்டியின்மேல் பாய்ச்சி, அது வெண்மையாய்க் காய்ந்து வீசும் பிரகாசத்தையே விளக்காகக் கொண்டனர். படச்சுருளோ எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகையைச் சேர்ந்தது. இவற்றின் நடுவே நின்று ஒருவர் கைப்பிடியைச் சுழற்றவேண்டும். விநாடிக்குச் சுமார் 16 படச் சட்டங்கள் (ஃப்ரேம்கள்) என்ற கணக்கு பொதுவாக வழங்கினும், துரத்தும் காட்சியில் கை விரையும், சோகக் காட்சியில் தளரும். ஆகவே திரையில் ஓடும் குதிரையின் வேகம், சுழற்றுபவரின் கையிலேயே இருந்தது. கைக்கும் காட்சிக்கும் இடையே காலதாமதம் என்பதே இல்லை.

வின்சென்ட் 1914-ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான கொட்டகையை எழுப்பினார். பின்னாளில் அது டிலைட் எனப் பெயர் மாறியது. அது நின்ற வீதி இன்றும் வெரைட்டி ஹால் சாலையென்றே வழங்கிவருகிறது. 1932-ஆம் ஆண்டில் பைக்காரா மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கி வந்ததும், பஞ்சாலைகள் பெருகியதுபோலவே படக்கொட்டகைகளும் பெருகின. பேசும்படம் வந்தபின் ஒலி பிசகாதிருக்க விநாடிக்கு 24 சட்டங்கள் என்ற வேகம் நிர்ணயமாயிற்று. கைப்பிடியின் இடத்தை மோட்டார் பிடித்தது. டூரிங் டாக்கீஸ் கொட்டகைகளில் ஒரே இயந்திரம் இருக்குமிடத்தில், ஆபரேட்டர் ரீலை மாற்றும்பொருட்டுப் படத்தைப் பலமுறை நிறுத்த, ஜனங்கள் மணல்தரையில் முறுக்கும் கடலையும் கொறித்துக் காத்திருப்பர். விளக்கின் கார்பன் குச்சிகளை நெருக்கியும் விலக்கியும் வெளிச்சத்தைச் சீராக வைப்பதே அவருடைய வித்தையாக எஞ்சியது. வேகத்தை ஆளும் உரிமை மனிதக் கையைவிட்டு அகன்றுவிட்டது.

அந்த உரிமை வீடியோ விளையாட்டின் மூலம், இம்முறை பார்ப்பவர் கைக்கே, மீண்டும் வந்து சேர்ந்தது. 1958-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி வில்லியம் ஹிகின்பாதம் அலைகாட்டிக் குழாயில் அமைத்த டென்னிஸ் ஆட்டத்திலும், 1972-இல் வீடுகளுக்கு வந்த மாக்னவாக்ஸ் ஒடிஸி என்ற விளையாட்டுக் கருவியிலும், விரல் அசைந்தவுடன் ஒளிப்புள்ளியும் அசைந்தது. பழைய குழாய்த் தொலைக்காட்சி, வரும் மின்குறிப்பை வந்தவாறே வரைந்துவிடும். 1987-இல் லாரி ஹார்ன்பெக் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் கண்டுபிடித்த நுண்கண்ணாடிச் சில்லு முதலியவற்றால் இயங்கும் நவீன புரொஜெக்டர்களோ, ஒவ்வொரு சட்டத்தையும் நினைவில் வாங்கி, அளவு மாற்றி, மெருகேற்றிய பிறகே சுவருக்கு அனுப்புகின்றன. விநாடிக்கு 60 சட்டங்கள் ஓடும் ஆட்டத்தில் ஒரு சட்டத்தின் ஆயுள் ஏறக்குறைய 16.7 மில்லிவிநாடி, மெருகேற்றும் வேலையில் 100 மில்லிவிநாடி கழிந்தால், நாம் காண்பது ஆறு சட்டங்களுக்கு முந்தைய உலகம். பந்து கடந்த பிறகு மட்டையை வீசுபவனின் நிலைமை அது.

ஆதலால், விளையாட்டுக்கென்று புரொஜெக்டர் வாங்குபவர் முதலில் விசாரிக்க வேண்டியது பிரகாசத்தையன்று, இன்புட் லேக் என்னும் தாமதத்தையே என்பது என் திடமான அபிப்பிராயம். மெருகேற்றங்களை ஒதுக்கிவைக்கும் கேம் மோட் அதில் இருக்கவேண்டும். அந்த நிலையில் தாமதம் 20 மில்லிவிநாடிக்குள் அடங்குவது உத்தமம். சாய்வாக வைத்துவிட்டுப் படத்தை மின்னணு முறையில் நேராக்கும் கீஸ்டோன் வசதி, கூர்மையைக் குறைப்பதோடு சில கருவிகளில் தாமதத்தையும் கூட்டுமாதலால், கருவியை நேராகவே பொருத்தவேண்டும். 100 அங்குலப் படத்தின் அகலம் சுமார் 7¼ அடி. சாதாரணக் கருவிக்கு அதைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 11 அடி தூரம் தேவை. காரமடைப் பக்கத்துச் சிறிய அறைகளில் ஆடுபவரின் நிழல் திரையில் விழாதிருக்க, 4 முதல் 6 அடியிலேயே அப்படத்தைத் தரும் ஷார்ட் த்ரோ வகையே பொருந்தும். வண்ணச் சக்கரம் சுழலும் ஒற்றைச் சில்லுக் கருவிகளில் சிலர் கண்ணுக்கு வானவில் கீற்றுகள் தோன்றும். அத்தகையோர் மூன்று எல்சிடி பலகைகள் கொண்டதை நாடலாம். விளக்குள்ள கருவியில், மின்சாரம் திடீரென்று நின்றால் குளிர்விக்கும் விசிறியும் நின்று விளக்கின் ஆயுள் குன்றுமாதலால், யுபிஎஸ் ஒன்றை உடன் சேர்ப்பது வீண்செலவன்று.

கடைக்குச் செல்லும்போது உங்கள் வீட்டு விளையாட்டுக் கருவியையும் கையோடு கொண்டுபோங்கள். விற்பவர் திரைப்படத்தைப் போட்டுக் காட்டினால் அதனோடு திருப்தியடையாமல், நீங்கள் நன்கு பழகிய ஆட்டம் ஒன்றை அங்கேயே ஆடிப் பார்த்து, கை சரியென்று சொன்ன பிறகே விலையைப் பேசுங்கள்.