வெயில் (திரைப்படம்)

2006 டிசம்பரில் வெளியான தமிழ்ப் படம். இயக்கம் விருதுநகர்க்காரரான வசந்தபாலன், தயாரிப்பு ஷங்கர். ஜி. வி. பிரகாஷ் குமார் இசையமைத்த முதல் படம். கதைக்களமும் விருதுநகர்தான். பள்ளிக்கு மட்டம் போட்டு எம்.ஜி.ஆர். படம் பார்க்கப் போன முருகேசனை, கறிக்கடைக்காரரான தகப்பன் அம்மணமாகக் கட்டி வெயிலில் போடுகிறார். வீட்டை விட்டு ஓடும் சிறுவன் தியேட்டர் ஆபரேட்டராகி, பல ஆண்டு கழித்துப் பெரியவனாக (பசுபதி) வெறுங்கையோடு திரும்புகிறான். விளம்பரத் தொழில் செய்யும் தம்பி கதிரின் (பரத்) போட்டித் தகராறு வெட்டுக்குத்தில் போய் நிற்க, அவனைக் காக்கப்போய் அண்ணன் சாகிறான். ரவுடிப் பகுதி அந்தக் காலத்துத் தென்மாவட்டப் படங்களின் வாடிக்கைதான். தகப்பனின் வன்முறையே படத்தின் பலம். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. 2007இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.